சப்போரோவில் இரண்டு இருக்கைகள்

டூட்டிங், லண்டன்

அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

ஆண்டவர் காவலில் நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மா சொல்லித்தான் அறிகிறேன், உன் வாயால் கேட்டால் இன்னும் நம்பிக்கையாக இருக்கும். பொயிலர் திருத்தியாயிற்று. பீற்றர் மாமாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, இப்போது பூசைக்கு வருகிறவர்களின் உடுப்பிலெல்லாம் குறை கண்டுபிடிக்கிறார். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன், இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

விஷயம் சப்போரோ கச்சேரி பற்றியது. உனக்குப் பிடித்த கசாதாத்தே பாட்டுக்குழு இத்தனை வருடத்துக்குப் பிறகு நவம்பரில் ஒன்றுகூடிப் பாடப்போவதும், மண்டபம் சிறியது என்பதால் குலுக்கல் வைத்ததும், உனக்கு இரண்டு இருக்கைகள் விழுந்ததும், கூட வருகிறவரின் பெயரை மாத முடிவுக்குள் பதிய வேண்டும், பதிந்தால் மாற்ற ஏலாது என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் அம்மா சொன்னதுதான். பதியப்போவது தன் பெயர் என்றும் சொன்னார். எங்கள் இருவருக்கும் விமானச் சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, "கச்சேரி நடக்கிற அண்டைக்கு நீங்கள் ஹோட்டல்ல இருந்து ரீவி பாருங்கோவன், பாசை விளங்காட்டியும் படம் போகும்தானே" என்றார். நல்லது என்று சொன்னேன். பிறகு தோட்டத்துக்குப் போய், காலையில் வெட்டிய புல்லை மறுபடியும் வெட்டினேன். மகள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதைவிட மரியாதையான சொல் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கசாதாத்தே, அதாவது குடை வைக்கும் தாங்கி என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, எண்பதுகளில் இரண்டே இசைத்தட்டு போட்டு, ஜப்பானிலேயே எவரும் திரும்பிப் பார்க்காமல் கலைந்துபோன நான்கு பேருக்காக நீ பள்ளிக்கூடக் காலத்திலேயே அந்தப் பாசையைப் படித்தாய், பிறகு அந்த நாட்டுக்கே போய்விட்டாய். அதை ஒருவாறு தாங்கிக்கொண்டேன். ஆனால் போகும்போது உன் இசைத்தட்டுகளை ஆர்ச்வேயில் கூடுகிற ரசிகர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி அம்மாவிடம் சொன்னாய் அல்லவா, கொடுக்கப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பற்றிஸ் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நோர்தேர்ன் லைன் ரயிலில் போகிறார். அந்தக் கூட்டத்தை நடத்துகிற கொலின் என்ற வெள்ளைக்காரர் அவரை மெற்றி என்று கூப்பிடுகிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அம்மாவின் மெற்றில்டா என்ற பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்ததில்லை. பாடகரின் புதுப்படம் ஒன்று எங்கள் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அவருக்கும் என் வயதுதானாம். "இந்த வயசிலயும் பாருங்கோ, எப்பிடி நிமிந்து நிக்கிறார்" என்று அம்மா என் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். நீ தொலைபேசி எடுத்தால் நீங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் சிரிக்கிறீர்கள், பிறகு அப்பாவிடம் கொடுக்கட்டோ என்று அம்மா கேட்பது எனக்குக் கேட்கும்.

ஆகவே, அம்மாவின் பெயருக்குப் பதில் என் பெயரைப் போடு என்று உன்னிடம் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். வெறுங்கையோடு கேட்கக் கூடாது, தகுதியோடு கேட்க வேண்டும் என்று, அவர்கள் கூட்டத்தில் கடைசியாகப் போடுகிற பாட்டின் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். டூட்டிங் கொமன் பூங்காவில் நடக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நாய்களோடு வருகிறவர்கள் கொஞ்சம் விலகி நடந்தார்கள். போன சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றபோது அம்மா வியந்துபோய், "ஓம், வாங்கோவன்" என்றார். கடைசி வரிசையில் இருந்தேன். பாட்டைப் போட்டதும் எல்லோரும் கூடப் பாடினார்கள், நானும் மெதுவாகப் பாடினேன். மூன்றாம் சரணத்தில் திடீரென்று எல்லாக் குரலும் நின்றுவிட்டது, வாத்தியம் மட்டும் போகிறது. நம்முடைய தமிழ்ப் பூசையில் பாடகர் குழு இடையில் அடங்கிப்போனால் பின்வரிசையிலிருந்து நான்தானே பாட்டைத் தூக்கிக் கொடுப்பேன், அந்தப் பழக்கத்தில், இவர்களும் வரியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, தொண்டையைத் திறந்து சரணம் முழுவதையும் தனியே பாடி முடித்தேன். அவர்கள் மறக்கவில்லை. அந்தக் குழுவின் ஒரேயொரு கச்சேரிப் பதிவில் பாடகர் அந்த இடத்தில் அழுது குரல் உடைந்து நின்றாராம், அதனால் உலகில் எங்கே அவருடைய ரசிகர்கள் கூடினாலும் அந்தச் சரணத்தில் பேசாமல் இருப்பார்களாம். உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் தெரியும். கொலின் வந்து என் கையைப் பிடித்து, ஒரு சொல்லும் பிழையில்லை என்று பாராட்டினார், அதுதான் மிகவும் சுட்டது.

திரும்பி வரும் ரயிலில், கெனிங்ரன் நிலையம் தாண்டிய பிறகு அம்மா, "உங்களுக்கு எல்லாத்தையும் நிரப்பிப்போட வேணும், என்ன? ஆக்கள் சும்மா விட்டுவைச்ச இடத்தையும் விடமாட்டியள்" என்றார். அவர் அதோடு விடவில்லை. "பிள்ளையோட கதைக்கேக்கையும் இதைத்தான் செய்யிறியள். அவள் என்னவோ சொல்ல வந்து ஒருக்கா மூச்சு விடுவாள், உடன நீங்கள் அங்க குளிரோ, சம்பளம் வந்ததோ எண்டு கேப்பியள். பிறகு அவள் என்னோடதானே கதைப்பாள்?" கோபமாகச் சொன்னால் மறுத்திருப்பேன், அவர் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். அன்றிலிருந்து நீ தொலைபேசியில் எங்கெங்கே மூச்சு விட்டாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். நிறைய இடங்கள் வருகின்றன.

அம்மாவின் பெயரையே போடு. அந்த இருக்கை அவருக்கு உரியது, எனக்கு அந்தப் பாட்டில் ஆசையில்லை, உன்னில்தான் ஆசை. ஆனால் நான் உன்னிடம் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். கச்சேரிக்கு மறுநாளை எனக்குத் தா. முழு நாளும். அம்மாவை வேறு எங்காவது அனுப்பிவிடு, உன் சிநேகிதிகள் யாராவது கூட்டிக்கொண்டு போகட்டும். நீயும் நானும் நடப்போம். நீ பேசாமல் நின்றால் நானும் பேசாமல் நிற்பேன், குளிரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. கடைசியில் ஏதாவது சொல்வாய் என்றால், அம்மாவுக்கு இன்னும் சொல்லாத ஒன்றாகப் பார்த்துச் சொல்.

மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும், உன் வேலையும் உடம்பும் செழிக்கட்டும். பெயர் பதியும் நாளைத் தவறவிடாதே, அம்மாவின் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதி.

என்றும் அன்புள்ள
அப்பா