ஏர்கான் ஆள் வந்த நாள்

மார்ச் 11, செவ்வாய், இரவு

இன்று காலை பதினொரு மணிக்கு நான் அரசு வீட்டு வாரியத்துக்குப் போய் எனக்கென்று ஒரு ஈரறை வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான்கு முறை விண்ணப்பித்துக் கிடைத்த வாய்ப்பு. ஒன்பதாம் மாடி என்று மனதுக்குள் முடிவுகூடச் செய்திருந்தேன். இருபத்தாறு வருஷமாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தேன். அண்ணி பார்த்தார்.

"கோயிலுக்கா வசந்தா? சாயங்காலம் போயேன். ஏர்கான் சர்வீஸ் பண்ண ஆள் வருது. நீதான் வீட்டுல இருக்கணும் லா."

"சரி அண்ணி" என்றேன்.

புடவையை மாற்றாமல் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. குளிர்சாதனம் பார்க்கும் அந்த ஆள் ஒரு மணிக்குத்தான் வந்தார். வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார்.

"வீட்டு ஓனர் நீங்கதானே மேடம்? இங்க சைன் பண்ணுங்க."

இல்லை என்று அவரிடமும் சொல்ல முடியவில்லை. உரிமையாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அழகாகத்தான் விழுந்தது. ஒரு வாரமாக எழுதிப் பழகியிருந்தேன்.