உளிச்சத்தம் நின்ற பத்து நிமிடம்

நாவலூர் அலுவலகத்தில் இன்று பழைய சாமான்களைக் காயலான் கடைக்கு ஒதுக்கினோம். ஒரு ஹெட்செட்டை எடுத்தேன். காதில் வைக்கும் பஞ்சு பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. வியர்வையும் ரப்பரும் கலந்த அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் வேலை ஓடவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்கு நடுவே நாம் இருவரும் பங்காக வைத்திருந்த பிரவுசிங் சென்டர். இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்குப் பேசலாம் என்று பலகை எழுதியது நீதான். ஒரு மோடம், ஒரு ஹெட்செட், யாரோ கழித்துப்போட்ட சவுண்ட் கார்டு, அவ்வளவுதான் நம் தளவாடம். அந்தக் கார்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். நம் குரலை அனுப்பும், இல்லையென்றால் அவர்கள் குரலைக் கொடுக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாய்: "பேசிட்டு கம்முனு இரு. அப்பத்தான் அவுங்க பேசுறது வரும்."

வழக்கமாக எல்லாரும் கூடங்கள் மூடிய பிறகு ராத்திரிதான் பேச வருவார்கள். செல்வி மட்டும் கைக்குழந்தையோடு பகலில் வந்தாளே, அன்றைக்கு. அவள் புருஷன் சிற்பி, கோயில் வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தான். மறுநாள் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். மெயிலில் பெயரை அனுப்பச் சொல்லலாமே என்றேன். "அப்பன் கொரலு கேக்காமலே புள்ளைக்கு பேரு வெப்பாங்களாண்ணே?" என்றாள்.

பேசினாள், காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் பேசுவது நன்றாகக் கேட்கிறது என்று அவன் மட்டும் திரையில் எழுதிக்கொண்டே இருந்தான். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினோம், மோடத்தை அணைத்துப் போட்டோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அங்க அவரு மைக்கு பூடுச்சிம்மா" என்று கையை விரித்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாரும் பேசாதபோதும் மைக்கின் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. "மச்சான், உளி சத்தம்டா" என்றாய். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு நமக்கு அது சத்தமாகவே படவில்லை. மைக்குக்குப் பட்டிருக்கிறது. நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதாக எண்ணி, கார்டு அவன் குரலை உள்ளே விடவே இல்லை.

பனியனோடு தெருவுக்கு ஓடினாய். "அண்ணாத்த, ஒரு பத்து நிமிசம் நிறுத்துங்க. உங்க ஆளு புள்ளைக்கு பேரு சொல்லப் போறான்." முதலில் பக்கத்துக் கூடம் நின்றது, பிறகு எதிர்க்கூடம், பிறகு கோடிவரைக்கும். ஹெட்செட்டில் குரல் வந்ததும் செல்வி அதைக் கழற்றிக் குழந்தையின் காதில் வைத்தாள். தாய்க்கு முன்னால் பெயரைக் கேட்டது அந்தப் பிள்ளைதான். அப்புறம்தான், "இன்னொரு வாட்டி சொல்லுங்க, எனக்கு கேக்கல" என்றாள். நீ மேசைக்கடியில் குனிந்து ஏதோ ஒயரைத் தேடினாய். அழுதாய் என்று உன்னை ஒரு வாரம் கிண்டல் செய்தேன்.

இப்போது அலுவலகம் அலுவலகமாக நெட்வொர்க் போன் மாட்டுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், சண்டைகூடப் போடலாம். என் பழக்கம்தான் போகவில்லை. நான் பேசி முடித்ததும் வாயை மூடிக்கொள்வேன். "லைன்ல கீறியா இல்லியா?" என்று என் மனைவி கத்துவாள்.

போன மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டாய். "ஞாயித்துக்கெழமை வரேன்டா" என்று சொல்லிவிட்டு, நீ பேசட்டும் என்று சும்மா இருந்தேன். நீயும் சும்மா இருந்தாய். உன் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு லைன் போய்விட்டது. ஞாயிறுவரை நீ இருக்கவில்லை. அன்றைக்கு நான் வாயை மூடியிருக்கக் கூடாதுடா.