தலையை ஆட்டினேன்

பிப்ரவரி 19, வியாழன்

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. ரெண்டு ஆளுக்குப் பிடிக்கிற அளவு பிடித்துவிட்டு அப்புறம் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டவில்லை.

இது என் வீட்டுக்காரர் டைரி. வருஷா வருஷம் மைன்ஸில் கொடுப்பது. ஜனவரி ஒன்றாம் தேதியே உட்கார்ந்து வருஷம் பூராவுக்கும் ஷிஃப்ட் எழுதி வைத்துவிடுவார். மேல் மூலையில் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட், ஆஃப். வேறொன்றும் எழுத மாட்டார். இன்றைக்கு ‘செகண்ட்’ என்று இருக்கிறது. மனுஷன் செத்து ஒன்பது நாளாச்சு, டைரியில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கீழே காலி இடம் நிறைய. அதில் நான் எழுதுகிறேன். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 20

சோறு வடித்தேன். சாப்பிட்டேனா, ஞாபகமில்லை. தட்டு கழுவியிருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சபைக்கு ஆட்டோவில் போனேன். நான் ஞானஸ்நானம் எடுத்து பத்தொன்பது வருஷம். அன்றிலிருந்து அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார், நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கக் கண்ணோட வந்தாலும். உள்ளே வர மாட்டார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார், நெற்றி நிறையத் திருநீறோடு. “உங்க சாமியோட எனக்குச் சண்டை இல்ல திலகா. என் ஆளு முருகன். அவன வுட்டுட்டு எப்பிடி வர்றது?” பேர்ல மட்டும் திலகத்த வச்சிகினு நெத்திய மொட்டையா வச்சிருக்கியே என்று கிண்டல் வேறு.

இன்றைக்கு ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “கடைசி நிமிஷத்துல கர்த்தர் பிடிச்சிட்டாரு பாத்தீங்களா சிஸ்டர்.” அகிலா சிஸ்டர் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் புருஷனும் சபைக்கு வராதவர்தான்.

ஈஸ்டர் அன்று அந்தக் கடைசி நிமிஷத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பாஸ்டர் ராயப்பன் கேட்டார். கடலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம்.

சரிங்க பாஸ்டர் என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

பதினாறாம் நாள். அவர் தங்கச்சி மாரியம்மாள் கம்மாபுரத்தில் போட்டோவை வைத்துக் கருமாதி செய்தாள். நான் போகவில்லை. சபையில் ஆகாது. சாயங்காலம் போன் செய்தாள்.

“அண்ணி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். எங்கண்ணன் மெய்யாலுமே அப்பிடிச் சொல்லிச்சா? இருவது வருசத்துக்கு மேல காவடி தூக்கினது, சாவறப்ப சாமிய மாத்திகினா போச்சு? நெத்தியில துளி துன்னூறு வெக்க வுடலியே நீங்க. நான் கையில வெச்சிகினே நின்னேன்.”

போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன். “சரிங்க அண்ணி, வேளைக்குச் சாப்புடுங்க” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 3

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி பத்து, காலை பதினொன்றரை. ஆஸ்பத்திரி வார்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் காதுக்குள்ளே கெஞ்சினேன் — ஏசப்பா என்னை ஏத்துக்குங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கள் விசுவாசத்தில் அது போதும். ஒருத்தர் ஆயுசு பூரா நல்லவராக இருந்தது செல்லாது, அந்த ஒரு வார்த்தை செல்லும். அவர் என்னையே பார்த்தார். “பங்குனிக்கு என் காவடிய மாரிகிட்ட குடுத்துரு. பரண்ல இருக்குது. நீ தொட மாட்ட, தெரியும். யாரையாச்சும் வெச்சி எறக்கு.”

அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பாஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். “அண்ணன் ஏத்துக்கிட்டாராம்மா?”

முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் சபைக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரட்சிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். என்னைப் புதைப்பதும் அங்கேதான். இல்லை என்று சொன்னால் அவர் கம்மாபுரம் சுடுகாட்டுக்குப் போவார். மேலே போயும் பிரிஞ்சு, மண்ணுலயும் பிரிஞ்சு — என்ன பொழப்பு இது?

தலையை ஆட்டினேன்.

மார்ச் 4

வாயால் சொல்லாவிட்டால் பொய் இல்லையா? யாரை ஏமாத்துற திலகா.

மார்ச் 10

குவார்ட்டர்ஸ் எப்போது காலி செய்வீர்கள் என்று ஆபீஸிலிருந்து வந்து கேட்டார்கள். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவே இல்லை. எங்கே புதைப்பார்கள் என்பது மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

பரலோகத்தைப் பற்றிப் பிரசங்கம். அங்கே நோய் இல்லை, அழுகை இல்லை. பொய் சொல்கிறவர்களுக்கு இடமும் இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான். பயம் வர வேண்டும். ஊசி போட்ட இடம் மாதிரி மரத்துக் கிடக்கிறது.

ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே போனால் அழுகையே வராது என்றால், அவர் இல்லை என்பது எனக்கு எப்படி உறைக்காமல் போகும்? மறக்கடிச்சுத்தான் உள்ள விடுவாங்களா? கூட்டம் முடிந்து பாஸ்டரிடம் கேட்டேன். “அண்ணன்தான் அங்க இருக்காரே சிஸ்டர், உங்களுக்கு என்ன கவலை” என்று சிரித்தார். நல்ல மனுஷன். அவர் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்டூல் போட்டு ஏறிக் காவடியை இறக்கினேன். நானேதான். இத்தனை வருஷமாக அந்தப் பரணை நான் பெருக்கினதுகூட இல்லை. பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்தார், மயிலிறகு ஒன்றுகூட நசுங்கவில்லை. கையில் தூசிதான் ஒட்டியது.

கம்மாபுரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் புடவை, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, மடியில் காவடி. கண்டக்டர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். “வேண்டுதலாம்மா?” என்றார். என்னுது இல்லீங்க என்றேன்.

மாரி கதவைத் திறந்ததும் காவடியைத்தான் பார்த்தாள்.

“எங்கண்ணன் சொல்லல, இல்ல?”

“சொல்லல.”

பாவி என்றாள் என்னை. உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஏப்ரல் 1, புதன்

மேல் மூலையில் அவர் எழுத்து: ‘லீவு. காவடி.’

பங்குனி உத்திரம் இன்றைக்கு. வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு நான் போகவில்லை. மாரி எடுத்திருப்பாள். தெருவில் ஒரு கூட்டம் மேளத்தோடு போனது, வாசலில் நின்று பார்த்தேன். ஜனவரியிலேயே எழுதி வைத்திருக்கிறார். நான் அவர் வாயில் வேறு வார்த்தையை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மைக்கைக் கொடுத்தார்கள்.

“அவர் ஏத்துக்கல. நான் கேட்டேன், அவர் சொல்லல. பாஸ்டர்கிட்ட நான் பொய்யாத் தலையாட்டிட்டேன்.”

கீபோர்டு நின்றது. அகிலா சிஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் என்னை நம்பித்தான் புருஷனுக்காக மூன்று வாரமாக உபவாசம் இருந்தாள். அவளிடம் போய் என்னத்தச் சொல்ல.

மத்தியானம் சபை மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று மாசம் எனக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் ரசமும் தொடக் கூடாது. தோட்டத்தில் அவர் பக்கத்தில் எனக்கென்று விட்டிருந்த இடமும் இனி கிடையாது. அவரைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாராம். பாஸ்டர் விடவில்லை.

“அண்ணன் அங்கயே இருக்கட்டும்மா. அன்னிக்கு நானும் அவசரப்பட்டுக் கேட்டுட்டேன்.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

“அவர் இப்ப எங்க இருப்பார் பாஸ்டர்?”

தெரியலம்மா என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாரி வந்தாள், காகிதத்தில் மடித்த கோயில் திருநீறோடு. என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் பாஸ்டர் வீட்டுக்குப் போய்த் தோட்டத்துச் சாவி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

கேட்டைத் திறந்துவிட்டேன். “நீங்களும் வாங்க அண்ணி.”

“நீ போய்ட்டு வா. நான் இங்க நிக்கறேன்.”

முந்திரி மரத்து நிழலில் நின்றேன். கல்லறை இருக்கிறது முப்பது நாப்பதடி தள்ளி. மாரி மெதுவாகத்தான் பேசினாள், அண்ணனிடம். காவடி தூக்கினதை, தோள் வலித்ததை, அண்ணி பஸ்ஸில் கொண்டுவந்ததை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. சுவருக்கு வெளியே இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் வண்டி நிறுத்தும் அந்த வேப்பமரம் சபைச் சுவரிலிருந்து இருபதடிகூட இல்லை. உள்ளே மைக் வைத்துப் பேசுவார்கள். பத்தொன்பது வருஷம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி நேரம். அவருக்காக நான் எழுந்து நின்று அழுது ஜெபித்தது உட்பட எல்லாத்தையும் கேட்டிருக்கார். கேட்டுட்டு, பேப்பர மடிச்சிட்டு, போலாமா திலகான்னு வண்டிய எடுத்திருக்கார்.

மாரி வெளியே வந்தாள், விரலில் திருநீறு ஒட்டியிருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, இப்பதான் அழுவறீங்களா?”

ஆமா என்றேன்.