இவனுக்கு மலை வராதுங்க

நேற்று புத்தகக் கண்காட்சியில் ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றைப் பத்திரமாக எடுத்து என் முன்னால் வைத்தார். கையெழுத்து வேண்டுமாம். அட்டையைக் காணோம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. திறந்ததும் மக்கிய காகிதமும் அச்சு மையும் கலந்த வாசனை குப்பென்று ஏறியது. நம்முடைய முதல் புத்தகம். பேனாவை வைத்துவிட்டுச் சட்டைப் பையில் போனைத் தேடினேன். "மாப்ளே, நம்ம அலையாத்திக் காடு இன்னும் உசுரோட இருக்குடா" என்று உன்னிடம் சொல்ல வேண்டும். பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. போன மாதம் உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவனே நான்தான். இருந்தும் கை போனுக்குப் போகிறது.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும். திட்டாமல் படி.

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் வேலை பார்த்த போர்டுக் கடை இன்று செல்போன் கடையாகிவிட்டது. முதலாளி காலையில் வந்து சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போனால் மாலைதான் வருவார். நடுவில் கடை நமக்கு. எழுத்து உனக்கு, படம் எனக்கு. அந்தப் பாகப்பிரிவினையை முதலாளி செய்யவில்லை, உன் வீடு செய்தது. உயிருள்ள எதையும் படமாக வரையக்கூடாது என்று அதிராம்பட்டினத்தில் உன் உம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நீயும் கடைசிவரை ஒரு குருவிகூடப் போட்டதில்லை. ஆனால் உன் கையில் 'ஜவுளிக்கடை' என்று எழுதினால் அதிலேயே பட்டு மினுக்கும். கட்சி மாநாடு வந்தால் நமக்குத் தூக்கம் கிடையாது. ஆளுங்கட்சிக்காரர்கள் வரவேற்புத் தட்டி எழுதச் சொல்லிவிட்டுப் போன அரைமணியில் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே 'வருக வருக'தான். பேரை மட்டும் மாத்துவோம்" என்பாய் நீ.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஊர் மிராசுதார் வயலில்தான் இறங்கினார்கள். அந்த வருஷம் அறுப்புக் கூலியாக அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் வைத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் ஒரு படம் கேட்டார்கள் என்று ஊருக்குப் போய், மதகடிச் சுவரில் பெரிதாக ஒரு மரக்கால் வரைந்தேன். நெல் அளக்கிற அந்த மரக்காலுக்கு மிராசுதாரின் முகத்தை வைத்துவிட்டேன். மூக்கோரத்து மருவையும் விடவில்லை. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. மிராசுதாரின் வண்டிக்காரரும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வந்து பெருமையாக உன்னிடம் சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். "கை அரிச்சா சுவத்துல தேச்சுக்கடா. மிராசுதார் மூஞ்சியில போயி ஏண்டா தேக்கிற?"

நீ பயந்தது நடந்தது. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் தகராறு, அடிதடி. அப்பாவோடு இன்னும் பல பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. படம் போட்டவன் யார் என்று தேடுகிறார்கள் என்று அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். "ஊருப்பக்கம் தலைகாட்டாதே. இங்க இனிமே ஒனக்கு யாரும் வேலை தரப்போறதில்ல. கைத்தொழில் இருக்கு, எங்கயாவது போயிப் பொழைச்சுக்க." அவ்வளவுதான் சேதி. எனக்குப் போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அதுவும் பாதித் திறந்த கதவு. என் படங்கள் நாலைந்தை எனக்குத் தெரியாமல் சென்னையில் ஒரு சித்திரக்கதைப் பத்திரிகைக்கு நீ அனுப்பியிருந்தாய். முகங்கள் நன்றாக இருப்பதாக ஆசிரியர் பதில் போட்டு, கூடவே ஒரு கதையையும் அனுப்பியிருந்தார். அதை வரைந்துகொண்டு நேரில் வர வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். கதை முழுக்க மலை. கொள்ளைக்காரன் மலையில் ஒளிகிறான், துப்பறிகிறவன் மலையில் ஏறுகிறான், இரண்டு பேரும் மலையிலேயே கட்டிப் புரள்கிறார்கள்.

நான் மலையைப் பார்த்தவன் இல்லை. எங்கள் ஊரில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் வானம் வயலில் வந்து உட்காரும். உயரம் என்றால் தென்னை, கோபுரம், வைக்கோல்போர். மேடு என்றால் களத்துமேடு. காலண்டர்ப் படத்தைப் பார்த்து வரைந்து பார்த்தேன், கிழித்தேன், மறுபடி வரைந்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வெளைச்சல் போலருக்கே" என்றாய்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் முற்பகல் சப்-இன்ஸ்பெக்டர் வந்து கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார். நீ ஏதோ அரிசி மில்லுக்கு எழுதிக்கொண்டிருந்தாய். 

"யாருடா இங்க படம் போடுறது?"

நீ தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னாய். "நாங்க போர்டு எழுதுறவங்க சார். படமெல்லாம் பெருசா வராது."

"வருதா வரலையான்னு நான் பாக்குறேன். நீ வரை."

விரல் என்னைத்தான் காட்டியது. நான் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றே கோணலாக வரைந்துவிடலாம் என்று மனசு சொன்னது. ஆனால் முகம் என்று வந்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. எதிரில் நிற்கிறவரின் முகமே காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அவர் மட்டும் 'என்னை வரை' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும்.

"என்னங்க சார் வரையணும்?" என்று கேட்டேன். 

அவர் கொஞ்சம் யோசித்தார். வெயிலில் அலைந்து சலித்துப்போன முகம். "எங்க ஊரு கம்பம் பக்கம். வீட்டு வாசல்ல நின்னா எதுத்தாப்புல மலை. அதைப் போடு. அடிவாரத்துல வீடு ஒண்ணு இருக்கட்டும்."

நான் ஏமாற்றவில்லை என்பது உனக்குத் தெரியும். பயத்தில் ஏமாற்றக்கூடத் தோன்றவில்லை. உயிரைக் கொடுத்து வரைந்தேன். சரிவுக்குக் கோடு, நிழலுக்குக் கோடு, உச்சியில் மேகம். அவர் காகிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"யோவ், இங்க வந்து பாரு" என்று கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "மலையைப் போடச் சொன்னா வைக்கப்போரைப் போட்டிருக்கான். ஏண்டா, மாடு எங்கடா? மாட்டையும் கட்டிவிட வேண்டியதுதானே!"

"நான்தான் சொன்னேனே சார்" என்றாய் நீ, ரொம்ப வருத்தமாக.

ஜீப் கிளம்பிய சத்தம் ஓய்கிறவரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு நீ அப்படியே பெயிண்ட் டப்பாமேல் சரிந்து உட்கார்ந்தாய். கண்ணில் தண்ணீர் வர வர நீ சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. போலீஸிடமிருந்து என்னைக் காப்பாற்றிய அதே மலை சென்னையில் என்னைக் கவிழ்க்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே. நான் சொன்னதும் நீயும் சிரிப்பை நிறுத்தினாய்.

"சரி, மலை வராது. விட்டுத்தள்ளு. எது வரும்?"

"தண்ணி வரும். சேறு வரும். மனுஷன் வருவான்."

"அப்ப அந்தக் கொள்ளைக்காரன் எதுக்குடா மலைக்குப் போறான்? எங்க மாமா வீட்டுப் பக்கம் போகட்டும்."

மறுநாளே பஸ் ஏறி முத்துப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாய். உன் மாமாவின் தோணியில் ஏறி ஆற்றோடு போய், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிகிற அந்த அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்தோம். மரமெல்லாம் தண்ணீரிலேயே நிற்கிறது. வேர்கள் பூமிக்குள் போகாமல் சேற்றைப் பிளந்துகொண்டு விரல் விரலாக மேலே வருகின்றன. ஒரு கிளையில் ஆள் படுத்திருந்தால் கீழே தோணியில் போகிறவனுக்குத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இப்படி ஒரு இடமா என்று நான் வாயைப் பிளந்தேன். உன் மாமா கோலை ஊன்றியபடி, "தம்பி, வாயை மூடிக்கங்க, கொசு பூந்துரும்" என்றார். அன்று வெளிச்சம் இருக்கிறவரைக்கும் வரைந்தேன். ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை.

நாம் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டதும் காகிதத்தை முதலில் நீ வாங்கிக்கொள்வாய். பேச்சுக் குமிழிகளை வரைந்து வசனத்தை எழுதி முடிப்பாய். மிச்ச இடம்தான் எனக்கு. போர்டுக் கடைப் பழக்கம் அது. கடைப் பெயர் எழுதியது போக மீந்த மூலையில்தானே மூக்குத்தியும் மாடும் போடுவேன்! அந்தக் கதையின் வசனத்தையும் நீயே திருத்தினாய். 'மலையேறித் தப்பிவிட்டான்' என்பது 'சேற்றில் இறங்கித் தப்பிவிட்டான்' என்றாயிற்று. ஆசிரியர் கொடுத்த கதையை மாற்றுகிறோமே என்று எனக்கு ஒரே கவலை. உனக்கு அது இல்லவே இல்லை.

ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். சட்டை உன்னுடையது, செருப்பும் உன்னுடையது. பத்திரிகை ஆபீஸில் ஆசிரியர் பக்கங்களை மேசைமேல் பரப்பினார். முதல் பக்கம் பார்த்தார். இரண்டாவது பார்த்தார். மூன்றாவதில் நெற்றியைச் சுருக்கினார்.

"மலை எங்கே?"

 ஏதாவது பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு புரண்டது. காய்ச்சல் என்றோ, காகிதம் தீர்ந்துவிட்டது என்றோ. அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"இவனுக்கு மலை வராதுங்க."

அடப்பாவி, என்று மனசுக்குள் அலறினேன். அம்மா சொல்லி அனுப்பியது, அப்பா உள்ளே இருப்பது, இனி ஊருக்கும் போக முடியாது என்பது எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. நீயோ சாவகாசமாக நின்றாய். "தண்ணி நல்லா வரும். அதான் கதையைத் தண்ணிக்குக் கொண்டுபோயிட்டோம். நல்லால்லன்னா சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போயிடுறோம்."

அவர் மீதிப் பக்கங்களைப் புரட்டினார். கிளையில் படுத்திருக்கிற கொள்ளைக்காரன், கீழே தோணி, சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற வேர்கள். அந்தப் பக்கத்தில் நின்றார்.

"இது எந்த நாட்டுக் காடு? ஆப்பிரிக்காவா?"

"முத்துப்பேட்டைங்க" என்றேன். ஆபீஸில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பக்கத்து அறைப்பக்கம் திரும்பி, கதை எழுதுகிறவரைக் கூப்பிட்டார். "இவருக்கு எழுதுற கதையில இனிமே மலை வேணாம்யா. ஆறு, குளம், கடல், என்ன வேணும்னாலும் வையி." என்னிடம் திரும்பி, "வசனத்துக்கு இடம் விட்டு வரையத் தெரிஞ்ச ஒரு ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றார். நீ பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துச் சிரித்தாய்.

தெருவுக்கு வந்தோம். நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். மாசக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. "ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "இன்னைக்குப் பொய் சொன்னா நாளைக்கும் மலை கேப்பான். வராதுன்னு சொல்லிட்டா ஒரு நாள் வெக்கம், அத்தோட போச்சு" என்றாய்.

அந்த மாதமே ஊரில் பேச்சுவார்த்தை முடிந்து, கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்து, வழக்கையும் விட்டுவிட்டார்கள். அப்பா வெளியே வந்தார். புத்தகம் அச்சாகி வந்தபோது அவரிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது அவருக்கு. படங்களை மட்டும் நிதானமாகப் பார்த்தார். "நல்ல சேறு" என்றார். எனக்கு அது போதும்.

நீ என்னோடு சென்னையில் கொஞ்ச காலம் இருந்தாய். பிறகு உன் வாப்பா கூப்பிட்டார் என்று அவருடைய கடைக்குப் போனாய், அப்புறம் துபாய், அப்புறம் பேரன் பேத்தி. நான் வரைந்துகொண்டே இருந்தேன். யாராவது ஒன்றைக் கேட்டு அது எனக்குத் தெரியாவிட்டால், "வராதுங்க" என்று உடனே சொல்லிவிடுவேன். அதனால் சில வேலைகள் போயிருக்கின்றன. ஆனால் பயந்து பயந்து ஒரு நாள்கூட வரைந்ததில்லை.

போன மாதம் எல்லாரோடும் சேர்ந்து நானும் உனக்கு மண் போட்டேன். கலைந்து வரும்போது உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். தலைமாட்டில் நடுகிற கல்லில் உன் பெயரை நான்தான் எழுத வேண்டுமாம். "நீங்க ஆர்ட்டிஸ்ட் மாமா. நீங்க எழுதினா வாப்பாவுக்குப் பிடிக்கும்."

மறுக்கக் கூடாத இடம், மறுக்கக் கூடாத நேரம். சுற்றிலும் ஜமாஅத்து ஆட்கள் நிற்கிறார்கள். நான் அவன் தோளில் கை போட்டேன்.

"எனக்கு எழுத்து வராதுப்பா" என்றேன். "அது உங்க வாப்பா வேலை."

அந்த மலைக் கதையை நீ அவனுக்கும் சொல்லியிருக்கிறாய் போல. அவன் அழுதுகொண்டே சிரித்தான். நானும்தான்.