கயல் பெயரோடு வரும் என் பெயர்

14 ஜூன், ஞாயிறு

அடுத்த மாதம் கயலுக்குக் கல்யாணம். மகள் பெயரோடு ஒட்டியிருக்கும் என் பெயர் போய், மாப்பிள்ளை வீட்டு ‘ஹாரிசன்’ வந்துவிடுமே என்று ஒரு மாதமாகப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்கவும் ரோஷம்.

லண்டனிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மா இன்று சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பேச்சோடு பேச்சாக, ஹாரிசன் என்றால் ஹாரியின் மகன் என்றார். அங்கேயும் முன்பு நம்மைப் போல அவரவர் அப்பா பெயர்தானாம். ஏதோ ஒரு தலைமுறையில் மாற்றாமல் விட்டதில் அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டதாம்.

“அந்த ஹாரி யாரு?” என்றேன்.

யாருக்கும் தெரியாது என்று சிரித்தார்.

கயல் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “யாருன்னே தெரியாத ஹாரி எனக்கு எதுக்குப்பா? நான் பேர மாத்தல லா. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.”

இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கயலின் அடையாள அட்டையில் என் அப்பாவின் பெயர் இல்லை. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. என் அட்டையில் இருப்பதே போதும் என்று நினைத்திருப்பார்.