மாமா பூசிய நிறம்

மார்ச் 4

என் அருமை மருமகளே,

இந்த ஊர்ச் சுவர்களில் பாதிக்கு வண்ணம் கொடுத்தவனும் மீதிப் பாதிக்கு யோசனை கொடுத்தவனுமான உன் தாய்மாமன் எழுதுவது. நானும் அத்தையும் சுகம். போன கடிதத்துக்கு நீ போட்ட பதில் நாலே வரி. மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தால் மாமாவுக்கு வார்த்தையைக்கூட சொட்டு மருந்து மாதிரிதான் கொடுப்பாயா?

விஷயத்துக்கு வருகிறேன். காப்பகத்துக் குழந்தை குட்டியைத் தத்தெடுக்க மனுப் போட்டிருக்கிறோம் அல்லவா, நேற்று அந்த அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். உன் அத்தையை நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான் கொஞ்சம் பேசியதும், "இவருக்கு அந்த மைப் படச் சோதனையும் வெச்சிடலாம்" என்று தனி அறையில் உட்கார வைத்தார்கள். மையைக் கொட்டி மடித்துப் பிரித்த மாதிரி பத்து அட்டை. எதில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

வேறு ஒருத்தன் என்றால் திணறியிருப்பான். நானா? ஒன்றில் செங்கல் சிவப்பு, ஒன்றில் எலுமிச்சை மஞ்சள், கடைசியில் வானவில்லே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. "சார், இந்தச் சிவப்பு மூணாவது பூச்சுலதான் வரும், அவசரப்பட்டா வராது" என்றேன். படம் காட்டியவரின் பேனா அப்படியே நின்றுவிட்டது. எழுந்து என் கையைப் பிடித்து, "உங்க மாதிரி நிறத்தை அனுபவிக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

குட்டி இனி நம் வீட்டுப் பிள்ளைதான். காப்பகத்துக்குப் போனால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறாள். ஐந்து வயதிலேயே ஆளைத் தெரிந்து பிடித்திருக்கிறாள் பார்.

ஆசிகளுடன்,
உன் மாமா

மார்ச் 10

அன்பு மாமாவுக்கு,

நமஸ்காரம். கடிதம் படித்துச் சிரித்ததில் என்னைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள் இங்கே.

அந்தப் படங்கள் எனக்கும் பழக்கம். கறுப்பு அட்டைகளில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறம் வந்ததும் மாறிவிடுவார்கள். சிலர் குதூகலமாவார்கள், சிலருக்கு வாயடைத்துவிடும். உள்ளே இருக்கும் உணர்ச்சி அங்கேதான் எட்டிப் பார்க்கிறது என்பது ஒரு கணக்கு. அதை வைத்து அவ்வளவு தூரம் சொல்லலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எப்படியானாலும் நிறத்துக்கு நீங்கள் கிறங்காவிட்டால் வேறு யார் கிறங்குவார்கள்?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். குட்டிக்கு என் முத்தம்.

உங்கள் வாயாடி

மார்ச் 22

மருமகளே,

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "விண்ணப்பதாரர் நிறங்களுக்கு எவ்வித எதிர்வினையும் காட்டவில்லை. உணர்ச்சிகளை அடைத்து வைக்கும் சுபாவம். ஒரு குழந்தையின் மனதை இவர் உணர்வாரா என்பது ஐயமே. பரிந்துரைக்க இயலவில்லை."

என்னைப் போய்! ஊதா பூசிவிட்டு அழுத ஆள் நான்.

உன் அத்தை வாங்கி வைத்திருந்த சின்ன கவுனை எடுத்துத் திரும்ப மடித்தாள், மறுபடி பிரித்து மடித்தாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. மறுபரிசீலனை கேட்கலாம், மாதக் கடைசிக்குப் பிறகும் கொஞ்சம் அவகாசம் உண்டு என்கிறார்கள். உன் படிப்பு மொத்தத்தையும் பெயருக்குப் பின்னால் போட்டு அவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கடிதம் எழுது.

மாமா

மார்ச் 27

அன்பு மாமா,

இரண்டு தடவை படித்தேன். நிச்சயம் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிவப்பைப் பற்றிப் படம் காட்டியவரிடமே சொன்னதாக நீங்கள் எழுதினீர்கள். நீங்கள் ஒரு நிறத்தைக்கூடச் சொல்லவில்லை என்கிறது அறிக்கை. இரண்டும் நிஜமாக இருக்க முடியாது. நான் உங்களை நம்பிச் சண்டைக்குப் போய், பாதியில் உங்கள் கதையே நம்மைக் கவிழ்த்துவிட்டால் குட்டி போய்விடுவாள்.

ஒரே ஒரு தடவை, கண், காது, மூக்கு எதுவும் வைக்காமல் எழுதுங்கள் மாமா. என்ன பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள்?

உங்கள் வாயாடி

ஏப்ரல் 1

மருமகளே,

இந்தத் தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. இது நிஜக் கடிதம்.

பத்தும் கறுப்புதான். கறுப்பு, சாம்பல், அழுக்கு வெள்ளை. தாளை அட்டையில் ஒட்டியிருந்தார்கள், ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாமே ஈரம் ஊறிய சுவராகத்தான் தெரிந்தது. அதையே சொன்னேன். "இது மேல்கூரைக் கசிவு, இது குழாய் உடைஞ்சது, இதுக்கு எவ்வளவு பூசினாலும் நிக்காது" என்றேன். படம் காட்டினவர் எழுதிக்கொண்டு, "சரி, அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்றார். கைகுலுக்கல் எல்லாம் இல்லை. கறுப்பை அப்படியே உனக்கு அனுப்ப மனம் வரவில்லை, நான்தான் நிறம் அடித்து அனுப்பினேன்.

இவ்வளவு வெறுமையான கடிதம் நான் எழுதியதே இல்லை. பிரைமர்கூட அடிக்காத சுவர் மாதிரி இருக்கிறது.

மாமா

ஏப்ரல் 5

ஐயோ மாமா!

பத்தும் கறுப்பாக இருக்கவே முடியாது. அசல் அட்டைகளில் பாதிக்கு நிறம் உண்டு. உங்களுக்குக் காட்டியது நகலெடுத்த தாள்! இல்லாத நிறத்துக்கு எங்கிருந்து எதிர்வினை காட்டுவீர்கள்? முதல் கடிதத்தில் நீங்களே நிறம் பூசிவிட்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அறிக்கை எழுதிய அதிகாரியை நேரில் பாருங்கள். இதோடு வைத்திருக்கும் என் கடிதத்தைக் கொடுங்கள். எந்த அட்டைகளைக் காட்டினார்கள் என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவும் பேசாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 17

என் தங்கமே,

போனேன். நீ சொன்ன ஒரு கேள்வியைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அத்தை சாட்சி.

அந்த அதிகாரி அம்மா படம் காட்டினவரைக் கூப்பிட்டார். "அசல் பெட்டி உங்க அலமாரியில இருந்துச்சு மேடம், நீங்க லீவு. அதான் நகல் எடுத்து வெச்சோம்" என்றார் அவர். "கலர் இல்லாம எடுத்தா அது என்ன சோதனைய்யா? நான் பாட்டுக்கு விடைத்தாளை மட்டும் பார்த்து எழுதியிருக்கேனே!" அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அசலை எடுத்து அவரே காட்டினார்.

முதலில் வந்தது கறுப்பு. அதே கசிவு, அதே குழாய். கடைசியில் நிறம் வந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை மருமகளே. ஓரத்தில் ஒரு ரோஸ் திட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தெரியுது?"

"காது."

"யாரோட காது?"

"குட்டியோடது. ஜன்னல் பக்கம் உக்காந்தா வெயில் பின்னாலேர்ந்து பட்டு அவ காது இப்படித்தான் தெரியும். நான் எத்தனையோ டப்பா கலந்திருக்கேன் மேடம், அந்தக் கலர் வந்ததில்ல."

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். 

மாமா

மே 3

அருமை மருமகளே,

ஒப்புதல் கிடைத்தது! நேற்று குட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவே திரண்டு நின்று கைதட்டியது. மாடியிலிருந்து பூமழை. காப்பகத்து அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு அப்பா எந்தப் பிள்ளைக்கும் கிடைச்சதில்ல" என்று ஒலிபெருக்கியில்

கண்ணம்மா, அத்தை எழுதுகிறேன். குட்டி தண்ணீர் கேட்டாள் என்று அவர் ஓடிவிட்டார். தெருவெல்லாம் திரளவில்லை, பக்கத்து வீட்டு நாய் மட்டும் வந்து பார்த்தது. ஒலிபெருக்கியும் கிடையாது. ஆனால் அவள் வந்தது நிஜம். தண்ணீர் வருவதற்குள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். ஒரு கையால்தான் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.