ஆளுநரின் இரண்டாவது தடை

இன்று வகுப்பில் பேனா தேடியபோது, பையின் அடியில் உன் சைக்கிள் மணி கையில் பட்டது. விரலில் அதே துரு வாசனை. சட்டென்று எழுந்து நிற்கத் தோன்றியது. ஆளுநர் மணி அடித்தால் மன்றமே எழும்ப வேண்டும் என்பது நீ போட்ட சட்டம்.

வரலாற்றுப் பாட நாடகத்துக்காக லின்ஃபீல்டில் உன் வீட்டில் இருந்து படித்தோமே, ரஷ்ய ஜார் மன்னர் 1864இல் மாகாணங்களுக்குக் கொடுத்த உள்ளூராட்சி மன்றம், செம்ஸ்த்வோ. நிலக்காரர், நகரத்தார், கிராமத்தார் தேர்ந்தெடுத்தவர்கள் கூடி ரோடு, பள்ளி, வைத்தியம் பற்றி முடிவெடுக்கலாம். சட்டத்துக்கோ அரசின் நலனுக்கோ முரண் என்றால் ஆளுநர் தடுக்கலாம்.

"கதவையும் வச்சு, பூட்டும் போடுவினமோ?" என்று கேட்டேன்.

"பூட்டு இல்லாத வீட்ட யாருடா வீடும்பான்?"

நாடகத்தில் நீ ஆளுநர், நான் கிராமத்துப் பிரதிநிதி. ஊர்களுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்ற என் தீர்மானம் வென்றதுமே மணி அடித்துத் தடுத்தாய். மற்றவர்களுக்கு விளங்காத தமிழில் கத்தினேன்: "நீ ஆளுநர் இல்ல, ஆள் நரி!"

"ஊளை விடாத மச்சி. மறுபடி கூடி, மறுபடி ஓட்டுப் போடு. சட்டத்துல இருக்கு. லீவு முடியட்டும்." மணியை என் பைக்குள் போட்டாய்.

லீவில் உனக்குக் காய்ச்சல். மருத்துவமனையிலிருந்து நீ திரும்பவில்லை.

இன்றுதான் அந்த இரண்டாவது அமர்வு. உன் நாற்காலியில் ஒருவரும் இருக்கவில்லை. ஜன்னல் பூட்டியிருந்தும் குளிர் அங்கிருந்தே வந்தது. வாக்குகள் சரிபாதி. என் கை மட்டும் மிச்சம். தூக்கினால், இந்த அறையில் நீ கடைசியாகப் போட்ட தடை செல்லாமல் போய்விடும். தூக்காவிட்டால், சட்டத்தைப் படிக்கவில்லை என்று நீயே சிரிப்பாய்.

தூக்கினேன். தீர்மானம் வென்றது. மற்றக் கை பைக்குள் போய் மணியை அடித்தது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஆசிரியை உட்பட.

ஆளுநர் தன் பொறுப்பில் இரண்டாம் முறையும் தடுக்கலாம், வழக்கு பீட்டர்ஸ்பர்க் செனட்டுக்குப் போகும் என்று சொன்னேன். தீர்ப்பு எப்போது என்று ஒருத்தி கேட்டாள். அந்த செனட் எப்போதோ கலைந்துவிட்டது என்றேன்.

ஆகவே உன் தடை இன்னும் நிலுவையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ் குலுங்க, மணி பைக்குள் தானாக அடித்தது.

ஓமடா, எழும்பிட்டன்.